பம்பை கூப்பிட்டும் நான் ஆடவில்லை, அக்கா

என் தனம் அக்காவுக்கு,

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு, தலைவாரி விடும்போது பாதி முடியைப் பிய்த்தெடுத்தவளுக்கு, உன் தாமரை எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் கை போகிறது. ஆனால் உன்னிடம் எதையும் கேட்பதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல மட்டும் போகிறேன். ஏன் இந்த வைராக்கியம் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் திவ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை தியாகதுருகம் பக்கம், லேத் பட்டறை வைத்திருக்கிறான். கொஞ்சம் கூச்ச சுபாவம். ஆனாலும் பெண் பார்க்க வந்த அன்று கேசரியை இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். உனக்கு அது ஒன்றே போதும், அவனைப் பிடித்துப் போயிருக்கும். நீ போன பிறகு மாமா வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நிச்சயம் முடிந்த வாரமே மாமா எனக்குப் போன் போட்டார். நான் வெள்ளிமலையில் ஒரு வீட்டு வாசலில் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். நர்சம்மா போனில் பேசட்டும் என்று அந்தப் பிள்ளையின் அம்மா நகர்ந்து நின்றாள். மாமா சுற்றி வளைக்கவில்லை.

“பாப்பா, தனத்தக் கூப்புடப் போறோம். நீ வந்துடு. ஒம் மேலதான் அவ வருவா. வேற யாரு மேல வருவா?”

தாலியோடு போய்ச் சேர்ந்த பெண்ணைப் பூவாடைக்காரியாகக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம். வீட்டில் கல்யாணம் என்றால் அவளுக்குத்தான் முதல் படையல். கிணற்றடியில் பம்பைக்காரர்கள் பம்பை மேளத்தை அடித்து, அவள் கதையைப் பாடி அழைப்பார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி மேல் அவள் வந்து இறங்கி உத்தரவு கொடுப்பாள். உனக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது அந்தப் பூவாடைக்காரி நீ. எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு விழுந்தடித்துக்கொண்டு சீரியல் பார்க்க ஓடி வருவாயே, அந்த நீ. எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

மாமா என்னைக் கூப்பிட்டதில் தப்பே இல்லை. உன் கல்யாணத்துக்கு முன்னால், தாலியோடு போன நம் அத்தையைக் கூப்பிட்டார்களே, அது யார் மேல் வந்தது? நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பாவாடை சட்டையில் நின்றேன். பம்பை ஏறியதும் என் கால் எனக்குச் சொந்தமில்லாமல் போனது. என்ன பேசினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முழித்தபோது உன் மடியில் கிடந்தேன். நீ என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, அத்தை மாதிரியே மூக்கை உறிஞ்சினாயடி என்று சிரித்தாய். அன்றிலிருந்து எனக்கு இளகின உடம்பு, கூப்பிட்டால் சட்டென்று வந்து இறங்கும் என்று ஊரில் பெயர்.

அப்புறம்தான் நான் நர்சு படிக்கப் போனதும், ஆண்டவரை ஏற்றுக்கொண்டதும், எஸ்தர் என்று பெயர் வாங்கியதும், சாமுவேலைக் கட்டிக்கொண்டதும். ஞானஸ்நானம் எடுத்த அன்று சொந்தக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. நீ மட்டும் பஸ் பிடித்து வந்தாய். கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாய், பிரியாணியை ஒரு கை பார்த்தாய். போகும்போது வாசலில் நின்று சொன்னாய்: “ஒஞ் சாமி ஒனக்கு, எஞ் சாமி எனக்கு. கொழம்ப மட்டும் ஒண்ணா வச்சிக்கலாம்.” கடைசிவரை அப்படித்தான் வைத்துக்கொண்டோம். அதனால் இந்தக் கடிதத்தில் நம் வீட்டு வழக்கத்தைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தையும் சொல்ல எனக்கு மனமில்லை. சோதனை பம்பையில் இல்லை, எனக்குள் இருந்தது.

என்ன சோதனை என்று சொல்கிறேன். நீ தலைக்குள் ரத்தம் கசிந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாய் அல்லவா? உள்ளே விட்டபோதெல்லாம் நான் உன் காதோரம் குனிந்து பேசினேன். வாய் ஓயாமல் பேசினேன். மலையில் ஆள் மயங்கிப் போய் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பும்போது, கூட வருகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. பேசிக்கொண்டே போங்கள், அவர்களுக்குக் காது கேட்கும் என்பேன். எத்தனை பேரிடம் எவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று வந்தபோதுதான் அது நிஜமா என்று எனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது. நீ கண் திறக்காமலே போய்விட்டாய். நான் பேசியது உனக்குக் கேட்டதா, இல்லையா? இந்த ஒன்றுதான் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆறின மாதிரி இருக்கும், சோறு பிசையும்போது திரும்ப வந்து நிற்கும்.

பார், கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டுவிட்டேன்.

மாமா போனை வைத்ததிலிருந்து எனக்கு ஒரு நிலை இல்லை. மலையில் வீடு வீடாக நடக்கும்போதும், பஸ் வளைவு திரும்பும்போதும், சாமை புடைக்கிற முறத்தின் சத்தத்திலும்கூட எனக்குப் பம்பைதான் கேட்டது. என் உடம்பில் நீ வந்தால் உன்னிடம் நானே கேட்க முடியாது. ஆனால் எனக்குப் பதிலாகத் திவ்யாவைக் கேட்கச் சொல்லலாம் இல்லையா? ஆஸ்பத்திரியில் சின்னம்மா பேசினது உனக்குக் கேட்டதா அம்மா என்று அவள் கேட்பாள், நீ என் வாயாலேயே பதில் சொல்வாய், முழித்ததும் அவள் எனக்குச் சொல்வாள். இப்படித் திட்டம் போட்டு, அதை நான்கு விதமாக மனதுக்குள் நடத்திப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் போய் உட்கார்ந்தேன். வாய் பாடியது. மனசு கிணற்றடியில் நின்றது.

பாஸ்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். செத்தவர்களிடம் விசாரிக்கக் கூடாது என்று வேதத்தில் இருப்பது எனக்கும் தெரியும், அதை அவர் திரும்பச் சொல்லவில்லை. போகாதீங்க எஸ்தர், சோதனைக்கு நாமளே சேர் போட்டு உக்கார வெக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவருடைய அக்கா நன்றாக இருக்கிறாள், சேலத்தில் இருந்து வாராவாரம் போன் பண்ணுகிறாள். சபையில் சாட்சி சொல்கிறவர்களும் அப்படித்தான். எல்லாம் ஜெயித்த கதையாகவே சொல்வார்கள். ஜெபித்தேன், விட்டது, ஸ்தோத்திரம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். ஜெபித்தேன், விடவில்லை, இன்னும் ஜாஸ்தியானது என்று ஒருவராவது சொன்னால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்லப் போனால், ஆண்டவரே இதை எடுத்துப்போடும் என்று நான் ஜெபித்தபோதெல்லாம், எடுத்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் பயமும் இருந்தது.

போவதில்லை என்று தீர்மானித்தேன். முகாம் வேலை இருக்கிறது என்று மாமாவிடம் பொய் சொல்வதற்கும் தயாரானேன். அதற்குள் திவ்யாவே வெற்றிலை பாக்குத் தட்டோடு பஸ் ஏறி வெள்ளிமலைக்கு வந்துவிட்டாள். மலைப் பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, வழியெல்லாம் வாந்தி. முகம் வெளுத்துப் போய் என் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழச் சாறு கரைத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எல்லாரும் இருக்காங்க சின்னம்மா. அம்மா வாயால ‘போய்ட்டு வா’ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டா நிம்மதியா தாலி கட்டிக்குவேன். நீ வந்தாதான அம்மா வருவாங்க?”

வருகிறேன் என்றேன். கறி வேலை, சோற்று வேலை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் கிணற்றடிக்கு வரமாட்டேன் என்று சேர்த்துச் சொன்னேன். அவள் பின்பாதியைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

போவதற்கு முன்னால் உபவாசம் இருந்தேன். ஜெபித்தேன். பைக்குள் வேதப்புத்தகத்தை வைத்தேன். சாமுவேல் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். உடம்பில் ஒரு தெம்பு வந்த மாதிரி இருந்தது, அதை நம்பினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன் அக்கா. மலையில் தண்ணீர்க் கஷ்டம் வந்தால் குடத்தில் பிடித்து வைத்துக்கொள்வோமே, அது மாதிரி ஆண்டவருடைய பலத்தையும் பிடித்து நிரப்பி எடுத்துக்கொண்டு போவதாக நினைத்தேன். அது என்னுடைய கையிருப்பு என்று நினைத்தேன்.

மூங்கில்துறைப்பட்டுக்கு நான் போய் இறங்கியபோது மில்லுக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நடந்தே உன் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். கிணற்றடியைச் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். மாமா உனக்கென்று அரக்குக் கலரில் புதுச்சேலை எடுத்திருந்தார். வளையல், பூ, மஞ்சள், உனக்குப் பிடித்த சோமாசு எல்லாம் முறத்தில் இருந்தது. நான் நேராகப் பின்பக்கம் அடுப்புக்குப் போய் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கிணறு அங்கிருந்து நல்ல தூரம். நடுவில் கரும்பு வேறு நிற்கிறது.

தூரம் இருந்து என்ன பிரயோசனம்? காது இருக்கிறதே. பம்பைக்காரர் காலையிலேயே மாமாவை உட்கார வைத்து உன் கதையைக் கேட்டுக்கொண்டாராம். அதைப் பாட ஆரம்பித்தார். அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் இறந்த வருடம் நீ பள்ளிக்கூடத்தை நிறுத்தியது, கூலிக்குக் கரும்புச் சோகை உரித்துத் தங்கச்சியைப் படிக்க வைத்தது, கை கிழிந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் போனது. பாட்டில் என் பெயரும் வந்தது. ‘தாமரைப் பிள்ளைக்குத் தாயா நின்னவளே’ என்று அவர் இழுத்தபோது என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

யார் வந்து என்னைக் கூப்பிட்டார்கள், நானாகப் போனேனா, எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கிணற்றடியில் நின்றேன். மாமாவின் தங்கை என் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். ஏற்கெனவே முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். திவ்யா என் எதிரில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

பயமாக இருந்தது என்று சொன்னால் பொய். இனிப்பாக இருந்தது அக்கா. எனக்கு வேண்டியிருந்தது. நீ பக்கத்தில்தான் நிற்கிறாய், நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும், உள்ளே வந்துவிடுவாய் என்று இருந்தது. அதைவிட மோசமான ஒரு யோசனையும் வந்தது. எதுவும் வராவிட்டால்தான் என்ன, உன்னுடைய பேச்சு எனக்கு அத்துப்படி, கண்ணை மூடிக்கொண்டு ‘போய்ட்டு வாடி கண்ணு’ என்று உன் குரலில் இழுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பிள்ளை சந்தோஷப்படுவாள். இதில் என்ன பாவம்? சோதனை பல்லைக் காட்டிக்கொண்டு வரும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது திவ்யாவின் முகத்தோடு வந்தது.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு வசனம்கூட வாயில் வரவில்லை. உபவாசத் தெம்பெல்லாம் எங்கே போனதோ. குடம் காலி. ‘ஆண்டவரே, என்னால ஆகல. எனக்கு வேணுமாட்டம் இருக்குது. நீங்க புடிச்சாத்தான் உண்டு, இல்லன்னா நான் போயிடுவேன்’ என்று மட்டும் உள்ளுக்குள் சொன்னேன். ஜெபம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. கிணற்றில் விழுகிறவன் கத்துகிற கத்தல்.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. பம்பை நிற்கவில்லை. ஆசையும் போகவில்லை. என் கால் மடங்கியது, நான் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான். மெழுகின தரையில் சம்மணம் போட்டுக் கல்யாணப் பந்தியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிட்டேன். என் பலத்தில் உட்காரவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் எனக்கு ஆடத்தான் ஆசை. உட்கார்ந்தபடியே திவ்யாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

“நான் ஒங்கம்மா இல்ல கண்ணு. நான் தாமரதான்.”

பம்பைக்காரர் நல்ல மனுஷன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், அந்தம்மாவை வுடுங்க, வர்றவங்க மேல வரட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்று அடித்தார். வெகுநேரம் அடித்தார். யார் மேலும் நீ வரவில்லை. கடைசியில் சூடம் ஏற்றிக் காட்டிப் படையலை எடுத்தார்கள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மாமா என் எதிரில் வந்து நின்றார். அவர் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“ஒன்னப் பெத்த புள்ளயாட்டம் வளத்தாளே. அவளுக்கு இன்னா செஞ்ச நீ? கூப்ட்டு வாசல்ல நிக்க வச்சுக் கதவ மூடிட்டியே.”

அது நீயா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? நான் திறக்கவில்லை. அதை மட்டும்தான் நான் அறிவேன். அடுப்படிக்குப் போய்க் கரண்டியைக் கழுவினேன். சோறு குழைந்து போயிருந்தது. நான் அழுததைக் கரும்புதான் பார்த்தது.

கொஞ்ச நேரத்தில் திவ்யா பின்னாலேயே வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பாத்திரங்களுக்கு நடுவில் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் நீ பேசிக்கொண்டே இருந்தாயே, என்னதான் பேசினாய் என்று கேட்டாள். இத்தனை நாளில் ஒருத்தரும் என்னை அதைக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

சொன்னேன். பெரிதாக ஒன்றுமில்லை. எருமை கன்று போட்டதைச் சொன்னேன், காளைக்கன்று என்று மாமா சலித்துக்கொண்டதைச் சொன்னேன். எதிர்வீட்டுச் சண்டையைச் சொன்னேன். மலையில் மரவள்ளி நன்றாக வந்திருக்கிறது, எழுந்து வா, அவித்துத் தருகிறேன் என்றேன். நீ எழுந்திருக்காவிட்டாலும் பரவாயில்லை, உடம்பு வலிக்கிறது என்றால் போ, திவ்யாவைப் பற்றிக் கவலைப்படாதே, அவளுக்கு நான் இருக்கிறேன் என்றேன். பொட்டு வைத்து, பூ வைத்து, நானே பக்கத்தில் நின்று அவளை அனுப்பி வைப்பேன் என்றேன். அப்புறம் எனக்காக ஒரு தடவை, உனக்காக ஒரு தடவை ஜெபம் பண்ணினேன். உனக்காகப் பண்ணியது உனக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, பண்ணிவிட்டேன்.

திவ்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

“நீ பேசினது அம்மாவுக்குக் கேட்டுருக்குமா சின்னம்மா?”

என் கேள்வி அக்கா. அப்படியே, ஒரு எழுத்துக் குறையாமல். மலையில் நூறு பேருக்குச் சொன்னது போல ‘கேட்டிருக்கும்’ என்று சொல்லிவிட வாய் வந்தது. கிணற்றடியில் என்னை உட்கார வைத்த ஆண்டவர் இங்கேயும் பிடித்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“தெரியல கண்ணு. ஆனா நான் பேசினேன்.”

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. மொதல்லேர்ந்து இன்னொரு தபா சொல்லு என்றாள். எருமையிலிருந்து ஆரம்பித்தேன்.

இதோடு முடிந்தது, சமாதானம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. மாமா இன்னும் என்னிடம் பேசவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு தடவை உன்னை அழைக்கப் போகிறார்களாம். திவ்யா மூலமாகத்தான் சொல்லி அனுப்பினார். அந்தச் செய்தி வந்ததும் எனக்குத் திரும்பவும் அதே பாடு. நேற்று பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் என் விரல் தாளம் போடுவதைப் பக்கத்தில் இருந்த அம்மாள் பார்த்து, உடம்பு சரியில்லையா நர்சம்மா என்று விசாரித்தாள். ஒரு தடவை ஜெயித்தவளுக்கு அடுத்த தடவை சுலபம் என்று யார் சொன்னது? எனக்கு முன்னைவிட வேகமாக இருக்கிறது. இந்தத் தடவை சாமுவேலையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். பாஸ்டரம்மாவிடமும் போய்ச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் சேர் கதையைத் திரும்பச் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அக்கா, உனக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன். உறுதியாக நிற்பேன் என்று கொடுக்க மாட்டேன், என் உறுதியின் லட்சணத்தைத்தான் கிணற்றடியில் பார்த்தோமே. உன் மகளுக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, அம்மா நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன், மாமா முகம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். பம்பை கூப்பிடுகிற அன்றைக்கும் போவேன். என் கால் ஆடும். எனக்கு நீ வேண்டும் என்றிருக்கும். அப்போது வெறுங்கையோடு கேட்பேன், உன்னிடம் இல்லை, ஆண்டவரிடம்.

நீ வளர்த்த பிள்ளை,
உன் தங்கச்சி தாமரை